போத்தலும் தப்பும்: மன்னார்க் கரையால் வந்த தாளங்கள்

போன வருசம் எங்கட பட்ச் மன்னாருக்கு ட்ரிப் போனது. ட்ரிப் பஸ்ஸில பின் சீற் எப்பவும் எங்களுக்குத்தான். கிற்றார் இல்லை, கீபோர்ட் இல்லை, டோல்கி கொண்டு வாறன் எண்டு சொன்னவன் கடைசி நேரத்தில வரேல்ல. அதால கையில கிடைச்சதை எடுத்தம். தண்ணி முடிஞ்ச அஞ்சு லீற்றர் கான் ஒண்டு, கண்ணாடிச் சோடாப் போத்தல் ரெண்டு, சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள கிடந்த கரண்டி, பயறு போட்டு வாய் ஒட்டின யோகட் கப் நாலு. முருங்கன் வர முதலே பஸ் முழுக்க எங்களோட சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பாட்டு, சிங்களப் பாட்டு, பாதி வரி மட்டும் தெரிஞ்ச பாட்டு, எல்லாத்துக்கும் ஒரே அடி. உங்களுக்கும் அந்த அடி தெரியும். மூண்டு மூண்டாக உருண்டு ஓடுற பைலா அடி. ட்ரிப் பஸ்ஸில ஏறின ஆருக்கும் அது கையில வந்திடும்.

நடுவில எங்களில ஒருத்தன் எழும்பி ஆடத் தொடங்கினான். "டேய், காப்பிலி மாதிரி ஆடுறான்டா" எண்டு ஆரோ கத்த, பஸ்ஸே சிரிச்சது. நாங்களும் சிரிச்சம். எங்களில ஒருத்தி மட்டும் சிரிக்கேல்ல. அவள் ஹற்றன் பக்கத்தில இருந்து வந்து எங்களோட படிக்கிறவள். ஏன் சிரிக்கேல்ல எண்டு அண்டைக்கு நாங்கள் கேக்கவும் இல்லை.

பிறகு ஒரு பாடத்துக்காக மன்னார்க் கரையைப் பற்றி ஒரு சின்ன ஆய்வு எழுத வேண்டி வந்தது. அவளோட சேர்த்து நாங்கள் நாலு பேர். நூலகத்தில இருந்து வாசிக்க வாசிக்க, ட்ரிப்பில நாங்கள் இறங்கி நிண்ட ஒவ்வொரு இடமும் திரும்ப ஞாபகம் வந்தது. பஸ்ஸில நாங்கள் அடிச்ச அடி ஆற்றை? எங்களுக்கு முதல் இந்தக் கரையால ஆர் போனவை? அவை எதைத் தட்டிப் பாடினவை? தேடிக்கொண்டு போக, ரெண்டு கூட்டம் மனிசர் எங்களுக்கு முன்னால வந்து நிண்டினம். ஒரு கூட்டம் ஆபிரிக்காவில இருந்து கொண்டுவரப்பட்டவை. மற்றக் கூட்டம் அக்கரைத் தமிழ்நாட்டில இருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டவை. ரெண்டு கூட்டத்தின்ர கையிலும் பெரிசா ஒண்டும் இருக்கேல்ல. ஆனா எங்கட தாளத்தில பாதி அவையளிட்ட இருந்துதான் வந்திருக்கு.

பள்ளிமுனை: மரமும் மனிசரும்

மன்னார் தீவுக்குப் போறவை பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்க்காமல் திரும்புறதில்லை. அதன் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். பத்துப் பேர் கைகோத்து நிண்டும் எங்களால அதைச் சுத்திப் பிடிக்க முடியேல்ல. பெருக்கமரம் ஆபிரிக்காவின் வறண்ட நிலத்து மரம். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாக மன்னாரில் சொல்வார்கள். நாங்கள் மரத்துக்குப் பக்கத்தில நிண்டு செல்ஃபி எடுத்தம். மரம் வந்த கண்டத்தில இருந்து மனிசரும் இந்தக் கரைக்கு வந்தவை எண்டது அப்ப எங்கட தலையில ஓடேல்ல.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். மொசாம்பிக், கோவா, இலங்கை மூன்றும் அவர்களுடைய கப்பல்கள் ஓடிய ஒரே கடல்வழியில் இருந்தன. அந்தக் கப்பல்களில் ஆபிரிக்கர்கள் அடிமைகளாகவும் படை ஆட்களாகவும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அடுத்து வந்த ஒல்லாந்தரும் அதையே செய்தார்கள். கொழும்பில் நாங்கள் கொம்பனித்தெரு எண்டு சொல்லுற இடத்துக்கு ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்ற பெயர் வந்ததே, ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை அங்கே அடைத்து வைத்ததால்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்களும் ஆபிரிக்கர்களை விலைக்கு வாங்கித் தங்கள் இலங்கைப் படையணிகளில் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் புத்தளத்தில் காவலுக்கு வைக்கப்பட்டார்கள். படையணி கலைக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கத்திலேயே குடியேறினார்கள்.

புத்தளம் எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை. மன்னாரில இருந்து கரையோரமாகத் தெற்கே போனால் அரிப்பு, சிலாவத்துறை, வில்பத்துக் காடு, அதுக்கங்கால புத்தளம். அங்கே சிறாம்பியடி என்ற சின்ன ஊரில் அந்த ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் இன்றைக்கும் வாழ்கிறார்கள். கத்தோலிக்கர்கள். இப்போது வீட்டில் கதைப்பது சிங்களம். அதற்கு முந்திய தலைமுறைகள் கதைத்தது இலங்கைப் போர்த்துக்கேயக் கலப்பு மொழி. அந்த மொழி அன்றாடப் பேச்சில் இருந்து போய்விட்டது. பாட்டில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பாட்டுக்கு மன்ஜா என்று பெயர்.

மன்ஜாவுக்கு என்னென்ன வாத்தியம் எண்டு வாசிச்சபோது நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம். தேங்காய்ச் சிரட்டை ரெண்டு பாதி. கண்ணாடிப் போத்தல், அதைத் தட்ட ஒரு கரண்டி. மரத்துண்டுகள். ஓர் உலோகப் பாத்திரம். இதுகளோட ரபானும் டோலக்கும். எங்கட பஸ்ஸின்ர பின் சீற்றில கிடந்த சாமான்தான் பாதி!

மன்ஜாப் பாட்டு நீளமானதல்ல. சில வரிகள்தான். காதல், கடல், விலங்குகள், வீட்டுச் சங்கதிகள் என்று சின்னச் சின்ன விசயங்கள். அந்த வரிகளையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். மெதுவாகத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் கூடும். கடைசியில் ஆடுகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கிற அளவுக்கு ஓடும். பாடுகிறவர்களுக்கே சில சொற்களின் பொருள் இப்போது முழுதாகத் தெரிவதில்லை. ஆனால் எந்த இடத்தில் போத்தல் விழ வேண்டும், எந்த இடத்தில் சிரட்டை விழ வேண்டும் என்பது கைக்குத் தெரியும்.

இந்த வாத்தியங்களை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். நாங்களும் முதலில அப்பிடித்தான் நினைச்சம். கொஞ்சம் யோசிச்சால் வேறு ஒரு விசயம் தெரியும். அடிமையாக விற்கப்பட்ட ஒரு மனிதர் கப்பலில் ஏறும்போது மேளத்தைத் தூக்கிக்கொண்டு வர ஆரும் விடமாட்டார்கள். அவரிடமிருந்து வீடு போனது, ஊர் போனது, பெயர் போனது. இறங்கிய கரையில் அவருக்கு மிஞ்சியது கையில் இருந்த அடி மட்டும். அந்த அடியை இறக்கி வைக்க இங்கே என்ன கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டார். இந்தக் கரையில் தென்னை நிறைய. சிரட்டைக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலேயன் குடித்துவிட்டு எறிந்த போத்தலுக்கும் பஞ்சம் இருந்திருக்காது.

பைலா எங்கிருந்து வந்தது?

இனி எங்கட பஸ் அடிக்கு வருவம். இலங்கையில் கபிரிஞ்ஞா என்று ஓர் ஆட்ட இசை இருக்கிறது. பெயருக்குள்ளேயே 'காப்பிரி' இருப்பதைப் பாருங்கோ. ஆபிரிக்கர்களும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியரும் வளர்த்தெடுத்த இசை அது. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலினோடும் மேளத்தோடும் அதை வாசித்து ஆடி வந்திருக்கிறார்கள். மூன்று மூன்றாக உருளும் அந்தத் தாளத்தை எடுத்து 1940களில் சிங்கள வரிகளோடு மேடைக்குக் கொண்டுவந்தவர் பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன். அதுதான் பிறகு நாடு முழுக்கப் பைலா ஆனது. 'பைலா' என்ற சொல்லே ஆடுவது என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது. தமிழிலும் 1970களில் பொப்பிசைக்காரர்கள் அந்தத் தாளத்தை எடுத்தார்கள். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' தெரியாத ஆக்கள் எங்கட பக்கத்தில இருக்கினமோ?

ஆக, அந்தப் பஸ்ஸில நாங்கள் அடிச்சுக்கொண்டு போன அடியில ஆபிரிக்கக் கை இருக்கு. அதை அடிச்சுக்கொண்டே 'காப்பிலி' எண்டு சொல்லிச் சிரிச்சிருக்கிறம்.

அரிப்பு: மேடையில் ஏறிய கரை

பள்ளிமுனையில இருந்து அரிப்புக்குப் போனம். கடல் அரிச்சு அரிச்சு, டொரிக் மாளிகையின்ர சில சுவர்கள்தான் மிச்சம். 1801க்கும் 1804க்கும் இடையில், ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்காகக் கட்டியது. ஆங்கிலேயர் ஆபிரிக்கர்களைப் படைக்கு வாங்கத் தொடங்கியதும் இந்தக் காலப்பகுதியில்தான்.

முத்துக்குளிப்புக் காலத்தில் இந்த மணல்வெளி சில வாரங்களுக்கு ஒரு பட்டினமாக மாறும். அக்கரையில் இருந்தும் அரபு நாடுகளில் இருந்தும் சுழியோடிகள் வருவார்கள். வியாபாரிகள், வித்தை காட்டுகிறவர்கள், பிச்சைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கில் சனம் கூடும். சுறா வந்து சுழியோடிகளைக் கடிக்காமல் இருக்கக் கரையில் நின்று மந்திரம் சொல்லுகிற ஆட்கள் இருந்தார்கள். கடல்கட்டி என்று பெயர். அரசாங்கமே அவர்களுக்குக் கூலி கொடுத்தது. காலம் முடிந்தால் எல்லாரும் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு அங்கே சிப்பி ஓடு மட்டும்தான்.

1863இல் பாரிசில் ஓர் இசை நாடகம் அரங்கேறியது. பெயர் 'முத்துக்குளிப்போர்'. இசையமைத்தவர் ஜோர்ஜ் பிசே. அப்போது அவருக்கு 24 வயது, கிட்டத்தட்ட எங்கட வயசு. கதை நடப்பது இலங்கைக் கரையில். சுழியோடிகளுக்காகப் பாறையில் நின்று பாடி வேண்டும் ஒரு பூசாரிப் பெண்தான் நாயகி. முதலில் கதையை மெக்சிகோவில் வைக்கத்தான் நினைத்திருந்தார்கள், பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். பிசே இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அந்த இசை இன்றைக்கும் உலகத்தின் பெரிய அரங்குகளில் வாசிக்கப்படுகிறது. யூடியூபில போட்டால் இப்பவே கேக்கலாம், நல்ல இசை, கேளுங்கோ.

ஆனால் இதே கரையில் கரைவலை இழுக்கிறவர்கள் பாடிய அம்பாப் பாட்டுக்கு அரங்கும் இல்லை, வாத்தியக் குழுவும் இல்லை. அம்பாவுக்கு வாத்தியம் வலைக்கயிறும் மணலில் ஊன்றுகிற காலும்தான். வலை கரைக்கு வந்தால் பாட்டும் முடியும். காகிதத்தில் எழுதின இசையும் மரத்தால் செய்த விலை கூடின வாத்தியமும் தங்கும். அவற்றை வைத்திருக்கக் கட்டடம் உண்டு, பாதுகாக்க ஆள் உண்டு. போத்தலையும் சிரட்டையையும் கயிற்றையும் ஆரும் நூதனசாலையில் வைப்பதில்லை. ஆடி முடிந்ததும் போத்தல் திரும்பப் போத்தலாகிவிடும். வரலாறு எழுதுகிறவர்களின் கண்ணில் அது படாமல் போனதில் ஆச்சரியமில்லை.

தலைமன்னார்: தப்பு நடந்த பாதை

பின்னேரம் தலைமன்னார் இறங்குதுறையில நிண்டம். துருப்பிடிச்ச பழைய துறை. எதிரே முப்பது கிலோமீற்றர் போனால் தனுஷ்கோடி. எங்கட சினேகிதி கனநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நிண்டாள். பிறகு வந்து, எங்கட தண்ணிக் கானை வாங்கி மடியில வைச்சு, கீழ கிடந்த ரெண்டு குச்சியை எடுத்தாள். ஒண்டு தடிப்பு, ஒண்டு மெல்லிசு. அவள் அடிச்ச அடி பைலா இல்லை. இறுக்கமான, நெஞ்சில வந்து குத்துற அடி. "இது எங்க தாத்தா காமன் கூத்துல அடிக்கிற தப்பு அடி" எண்டாள். "எங்க ஆளுங்க இந்தக் கரையிலதான் வந்து எறங்கினாங்க."

1820களில் ஆங்கிலேயர் கண்டிப் பக்கத்து மலைகளில் கோப்பி போடத் தொடங்கினார்கள். வேலைக்குத் தமிழ்நாட்டின் பஞ்சம் பட்ட ஊர்களில் இருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தார்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. ஏறக்குறைய 240 கிலோமீற்றர். தண்ணீர் இல்லாத இடங்கள், வாந்திபேதி, காய்ச்சல், காட்டு விலங்குகள். வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். கோப்பிக்குப் பழம் பறிக்கிற காலத்தில்தான் ஆள் கூடுதலாகத் தேவை. அதனால் பலர் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அந்தப் பாதையை ஒரு தரம் மட்டுமல்ல, பல தரம் நடந்தவர்கள் இருந்தார்கள். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்த பிறகு கப்பலில் இறங்கி ரயிலில் ஏறிப் போனார்கள். அந்தக் காலத்தில் வந்த தொழிலாளிக்கு எந்தத் தோட்டம் என்று இலக்கம் குத்தின தகரத் துண்டு ஒன்றைக் கொடுப்பார்கள். மனிசருக்கு விலாசம் ஒரு தகரம்.

இந்தச் சனங்களோடு வந்ததுதான் தப்பு. தமிழ்நாட்டில் பறை எண்டு சொல்லுற அதே வாத்தியம். அதைச் செய்கிற விதத்தைக் கேளுங்கோ. வளைந்த மரத்துண்டுகளைப் பொருத்தி ஒரு வட்டம். அதன் மேல் மாட்டுத் தோலை, நல்லதெண்டால் கன்றுத் தோலை, இழுத்து ஒட்டுவார்கள். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. அடிக்க ரெண்டு குச்சி: கையளவு தடித்த அடிக்குச்சி, நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி. அடிக்க முதல் வைக்கோலையோ சருகையோ கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். ஈரம் பட்டால் தோல் தளர்ந்துவிடும், சத்தம் செத்துவிடும். பனியும் மழையுமான மலையில் அது எத்தனை தரம் காய்ந்திருக்கும் என்று யோசியுங்கோ.

அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? செத்த மாட்டை அகற்றுகிற வேலையை ஊர் ஒரு சாதியின் தலையில் கட்டியது. கூலியாக அந்த மாட்டின் தோல் அவர்களுக்கு. ஊர் வேண்டாமென்று ஒதுக்கியதை எடுத்து ஊர் முழுக்கக் கேட்கிற வாத்தியமாக்கினார்கள். சிறாம்பியடியின் போத்தலும் மலையகத்தின் தப்பும் எங்கள் கண்ணில் ஒன்றாகத் தெரியத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

தோட்டத்தில் தப்புக்கு ரெண்டு வேலை. விடியக்காலையில் பெரட்டுக்கு வரச் சொல்லி ஆட்களை எழுப்பியது தப்பு. துரையின் மணிக்கூடு அது. ஆனால் அதே தப்புத்தான் காமன் கூத்துக்கும், பொன்னர் சங்கர் கதைக்கும், அருச்சுனன் தபசுக்கும், திருவிழாவுக்கும், சாவுக்கும். பகலில் துரைக்காக முழங்கியது இரவில் தங்களுக்காக முழங்கியது. தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் இல்லாவிட்டால் அந்த இரவுகளின் வரிகளும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பிறகு இந்தப் பாதை திரும்பியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்ரோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சம் இருந்த 1,50,000 பேரைப் பற்றி முடிவெடுக்க இன்னும் பத்து வருசம் எடுத்தது. மனிசரைக் கேட்டுப் பிரிக்கேல்ல. அந்த வருசக் கடைசியில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. மலையகத்தில் இருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றி வந்த ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுத அழுகை அப்படி. ஒப்பாரிக்கு வாத்தியம் தேவையில்லை. நெஞ்சும் கையும் போதும். அவர்களின் பாட்டன்மார் தப்படியைக் கொண்டுவந்து இறங்கிய கரையால் பேரப்பிள்ளைகள் ஒப்பாரியோடு வெளியே போனார்கள்.

போர் அந்த ரயிலையும் கப்பலையும் நிறுத்தியது. ரயில் 2015 மார்ச்சில் திரும்ப வந்தது. கப்பல் வரேல்ல. 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருசம் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனது. ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்தது. முன்னோர் விழுந்து விழுந்து நடந்த பாதையை அவர்கள் தங்கள் உரிமைகளைக் கேட்டு நடந்தார்கள். "நானும் கடைசி ரெண்டு நாள் நடந்தேன்" எண்டு எங்கட சினேகிதி சொன்னது ட்ரிப் முடிஞ்சு கன நாளைக்குப் பிறகுதான். நாங்கள் கேட்டதால சொன்னாள்.

அடி வேணும், ஆள் வேண்டாம்

இப்ப அந்தச் சிரிப்புக்கு வருவம். எங்கட பேச்சில கிடக்கிற சில சொற்களை எடுத்துப் பாருங்கோ. 'காப்பிலி', கறுப்பானவரையும் சுருள்முடிக்காரரையும் பழிக்கிற சொல். 'தோட்டக்காட்டான்', மலையகத்தாரைப் பழிக்கிற சொல். 'பறை' என்பதை ஒரு சாதியைத் தள்ளி வைக்கவே பாவிக்கிறம். யாழ்ப்பாணத்துக் கிழவிகள் 'பறையிறது' எண்டால் கதைக்கிறது எண்டு அர்த்தம். சேதி சொல்லுற வாத்தியத்துக்குச் சேதி சொல்லுறது எண்டே பேர். அந்தப் பேரை வசையாக்கினது நாங்கள்.

பைலா இல்லாமல் எங்கட ட்ரிப் இல்லை. பறை இல்லாமல் இப்ப எங்கட கம்பஸ் கலைவிழாவும் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. அடியை ஆசையாக எடுத்துக்கொண்டம். அடியைத் தந்தவரின்ர பேரை வசையாக வைச்சிருக்கிறம். "பஸ்ஸுல ஏன் சிரிக்கல்ல?" எண்டதுக்கு அவள் தந்த விடை சின்னது. "அடுத்தது என்னயத்தான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

இது எங்கட ஊரில மட்டும் நடந்த கதை இல்லை. ஆனால் வேறு மாதிரி முடிஞ்ச இடமும் இருக்கு. கரிபியன் கடலில் திரினிடாட் தீவு. அங்கேயும் ஆபிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பிறகு இந்தியாவில் இருந்து கூலிகள் போனார்கள், அவர்களில் தமிழரும் உண்டு. 1880களில் ஆங்கிலேய அரசு ஆபிரிக்கர்களின் மேளத்தைத் தடுத்தது. அவர்கள் மூங்கிலை வெட்டி நிலத்தில் குத்தித் தாளம் போட்டார்கள். 1930களில் பிஸ்கற் ரின்னையும் பெயின்ற் ரின்னையும் குப்பைவாளியையும் எடுத்தார்கள். 1940களில் வெறும் எண்ணெய்ப் பீப்பாவை வெட்டி, அதன் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் குழித்து, ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு சுரம் வர வைத்தார்கள். அதை அடிக்கிறவனை முதலில் ரவுடி என்றார்கள், பொலிஸ் துரத்தியது, வீட்டில் அடி விழுந்தது. 1992இல் அந்த எண்ணெய்ப் பீப்பா அந்த நாட்டின் தேசிய வாத்தியமாக அறிவிக்கப்பட்டது. பீப்பாவோடு சேர்த்து அதைச் செய்தவர்களின் பெயரும் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போனது.

எங்கட பாடப்புத்தகத்தில யாழ், மத்தளம், நாதஸ்வரம் எல்லாம் படிச்சம். சிறாம்பியடியின்ர போத்தலைப் படிக்கேல்ல. தப்பு எப்பிடி இந்த நாட்டுக்கு வந்தது, எந்த வழியால நடந்தது எண்டு படிக்கேல்ல. புத்தகம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை எண்டு நினைக்கிறம். உங்கட வீட்டில, ஊரில, தோட்டத்தில, வாடியில ஆராவது கிழவன் கிழவி எதையாவது தட்டிப் பாடுவினமெண்டால் போனை எடுத்துப் பதிவு செய்யுங்கோ. என்ன பாட்டு எண்டு மட்டும் கேக்காமல், எதைத் தட்டினவை, அந்தச் சாமான் எங்க கிடைச்சது, ஆர் பழக்கினது எண்டும் கேளுங்கோ. பாட்டு வரியை ஆராவது எழுதி வைச்சிருக்கக்கூடும். வாத்தியமாக இருந்த மண்ணெண்ணெய் ரின்னைப் பற்றி ஆரும் எழுதி வைச்சிருக்க மாட்டினம்.

எங்கட பட்ச்சின்ர அடுத்த ட்ரிப் புத்தளம் பக்கம் எண்டு முடிவாகியிருக்கு. சிறாம்பியடிக்கும் போறதெண்டு கதை. வேடிக்கை பார்க்கப் போறமாதிரிப் போகக்கூடாது, முதல் அந்த ஊராக்களிட்டக் கேட்டு, அவை வரச் சொன்னால் போவம் எண்டு சொல்லியிருக்கிறம். அஞ்சு லீற்றர் கான் திரும்பி வரேக்க பஸ்ஸில வெடிச்சுப் போச்சு. ரேப் ஒட்டி எங்கட போர்டிங் றூமில வைச்சிருக்கிறம். சத்தம் கொஞ்சம் கரகரக்கும், ஆனா அடிக்கலாம். தப்படியை அவள் எங்களுக்குப் பழக்குறாள். எங்களில ரெண்டு பேருக்கு இன்னும் கை வரேல்ல.